மாலைப் பலகாரமும் எடைக் குறைப்பும்: டின்னை மூடுவதா, வேளையை மாற்றுவதா?

கண்டனூர்க்காரி
ஞாயிறு, இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். நான் பள்ளி ஆசிரியை. வயது 43, உயரம் 158 செ.மீ., எடை 71 கிலோ. பத்துக் கிலோவாவது குறைக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். காலையில் எனக்கு எந்தச் சிரமமும் இல்லை. பகலும் பள்ளி வேலையில் ஓடிவிடுகிறது. நாலரை மணிக்கு வீட்டுக்குள் காலடி வைத்ததிலிருந்து இரவுச் சாப்பாடு வரை உள்ள நேரம்தான் என் கைக்கு அடங்க மறுக்கிறது.

எங்களுடையது கூட்டுக் குடும்பம். அத்தையின் கைப்பக்குவம் ஊரறிந்தது. அடுப்படி அலமாரியில் தேன்குழல் ஒரு டின், சீப்புச்சீடை ஒரு டின், மணகோலம் (வெல்லப்பாகு சேர்த்த உதிரிப் பலகாரம்) ஒரு டின் எப்போதும் இருக்கும். கல்யாண மாதங்களில் சீர்ப் பலகாரமும் வந்து சேரும். வந்ததும் காபியோடு இரண்டு தேன்குழல். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும்போது ஒரு பிடி மணகோலம். சமைக்கும்போது சீடை. இவ்வளவுக்கும் பிறகு ஒன்பது மணிக்கு உட்கார்ந்தால் இரவுச் சாப்பாடும் குறையாமல் இறங்குகிறது.

எடைக் குறைப்புக் குறிப்புகள் நிறையப் படித்துவிட்டேன். பாதாம் ஐந்து, கிரீன் டீ ஒரு கோப்பை என்று எழுதியிருக்கிறார்கள். டின் திறக்கும் சத்தம் வளவு (வீட்டு உள்முற்றம்) முழுக்கக் கேட்கிற ஒரு வீட்டில் அது எப்படி நடக்கும்? நம் செட்டிநாட்டு வீடுகளில் இருந்துகொண்டே எடையைக் குறைத்தவர்கள் சொல்லுங்கள்.


தேவகோட்டை ரஸ்தா
ஞாயிறு, இரவு 10.15

சகோதரி, நேராகவே சொல்லிவிடுகிறேன். டின் வீட்டில் இருக்கும்வரை எடை இறங்காது. மாலை ஆறு மணிக்கு மேல் நான் தண்ணீரைத் தவிர எதையும் தொடுவதில்லை. வீட்டில் பலகாரம் சுடுவதையே நிறுத்திவிட்டோம். மனம் கொஞ்ச நாள் அடம்பிடிக்கும், பிறகு தானாக அடங்கும். ஒன்று எடுத்தால் ஒன்றோடு நிற்கிற பண்டமா தேன்குழல்? முழுதாக விடுவதுதான் சுலபம்.


வளவு வாசல்
திங்கள், காலை 6.05

தம்பி சொல்வது அவருக்குப் பொருந்தியிருக்கிறது, நல்லது. ஆனால் மாமியாரும் பிள்ளைகளும் இருக்கிற வீட்டில் அடுப்பில் வாணலியே ஏறக் கூடாது என்று ஒரு மருமகள் எப்படிச் சொல்ல முடியும்? எனக்கு அறுபத்தெட்டு வயது. பழைய நடைமுறையை நான் பார்த்திருக்கிறேன், அதைச் சொல்கிறேன்.

எங்கள் அப்பத்தா காலத்தில் இடைப்பலகாரம் என்பது ஒரு வேளை. நாலு மணி என்றால் நாலு மணி. அன்றைக்கு அரைத்த மாவில் வெள்ளைப் பணியாரமோ, மசாலாச் சீயமோ, கந்தரப்பமோ ஏதாவது ஒன்றுதான் சுடுவார்கள். ஆளை எண்ணித் தட்டில் வைப்பார்கள். பட்டாலையில் (கூடத்தில்) எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டுக் கையைக் கழுவினால் இரவுச் சாப்பாடு வரை அடுப்படிப் பக்கம் ஒருவருக்கும் வேலை இல்லை.

டின் பலகாரத்தின் கதை வேறு. அது விருந்தாளிக்கு, சீருக்கு, நோன்புக்கு, ஊருக்குப் போகிறவர்களுக்கு. எங்கள் ஐயா பர்மாவுக்குக் கப்பல் ஏறும்போது தூக்கில் கட்டிக் கொடுத்ததும் அதைத்தான். பல நாள் கெடாமல் இருக்க வேண்டும் என்று சுட்ட பண்டம். அது வீட்டின் பின்பக்கமான இரண்டாம் கட்டு அறையில் பூட்டி இருக்கும், சாவி அப்பத்தாவின் இடுப்பில் இருக்கும். இப்போது இடைப்பலகாரம் என்ற வேளை போய்விட்டது, டின் அலமாரிக்கு வந்துவிட்டது. நாலு மணிக்குத் தட்டில் நான்கு பணியாரம் சாப்பிட்டவர்களைவிட, நாலு முதல் ஒன்பது வரை நின்றபடி கொறிக்கிறவர்கள்தான் பெருத்துப் போகிறார்கள். என் வீட்டிலேயே மூன்று தலைமுறையாகப் பார்க்கிறேன்.

ஆகவே கண்டனூர் ஆச்சி, பலகாரத்தை விரட்ட வேண்டாம். அதற்கு மறுபடியும் ஒரு மணியையும் ஒரு தட்டையும் கொடுங்கள்.


சம்பை ஊற்று
திங்கள், பகல் 1.20

உணவியல் படித்து, காரைக்குடியில் ஒரு மருத்துவமனையில் பணிபுரிகிறேன். கண்டனூர் அக்காவிடம் சில கேள்விகள். மதியச் சாப்பாடு எத்தனை மணிக்கு, டப்பாவில் என்ன கொண்டுபோகிறீர்கள்? இரவு எத்தனை மணிக்குத் தூங்கி எத்தனை மணிக்கு எழுகிறீர்கள்? மாலையில் எத்தனை காபி? சர்க்கரை நோய்க்கோ தைராய்டுக்கோ மாத்திரை உண்டா? இவை தெரியாமல் ‘இதைச் சாப்பிடுங்கள், அதை விடுங்கள்’ என்று சொல்வது சரியாக இருக்காது.


கண்டனூர்க்காரி
திங்கள், இரவு 8.50

மதியம் 12.40. பெரும்பாலும் எலுமிச்சைச் சாதமோ தயிர்ச் சாதமோ, உருளைக்கிழங்கு வறுவலோடு. இரவுச் சாப்பாடு ஒன்பது மணிக்கு. அவர் கடையை அடைத்துவிட்டு வந்த பிறகுதான் இலை போடுவோம். தூங்கப் பதினொன்றரை ஆகும், ஐந்து மணிக்கு எழுந்தாக வேண்டும். மாலையில் இரண்டு காபி. மாத்திரை எதுவும் இல்லை.


சம்பை ஊற்று
செவ்வாய், பகல் 2.10

நன்றி அக்கா. விரிவாகவே எழுதுகிறேன்.

12.40க்கும் ஒன்பதுக்கும் இடையே எட்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது. மதிய டப்பாவில் அரிசியும் கிழங்கும்தான், புரதம் மிகக் குறைவு. அப்படியென்றால் நாலரை மணிக்கு உங்களுக்கு வருவது நிஜமான பசி. அந்தப் பசியோடு சண்டை போடாதீர்கள், அதற்குச் சாப்பாடு போடுங்கள். ஆறரை மணிக்குப் பாட நோட்டுக்குப் பக்கத்தில் வருவது பழக்கம். பத்து மணிக்கு மேல் வருவது பெரும்பாலும் தூக்கக் குறைவு. மூன்றுக்கும் மருந்து வேறுவேறு. மூன்றையும் ‘மனக்கட்டுப்பாடு இல்லை’ என்ற ஒரே பெயரில் அழைப்பதால்தான் பலர் தங்களைத் தாங்களே நொந்துகொள்கிறார்கள்.

மாலையில் பசி கூடுவதற்கு உடலிலேயே காரணம் இருக்கிறது. 2013இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், நேரம் தெரியாதபடி மங்கிய வெளிச்சத்தில் ஆட்களைத் தங்கவைத்துப் பார்த்தார்கள். உடலின் உள்கடிகாரக் கணக்குப்படி பசி காலை எட்டு மணி வாக்கில் மிகக் குறைவாகவும் இரவு எட்டு மணி வாக்கில் மிக அதிகமாகவும் இருந்தது. இனிப்பு, உப்பு, மாவுப் பண்டங்கள் மீதான ஆசையும் அதே போக்கில் ஏறி இறங்கியது. காலையில் உங்களுக்குச் சிரமம் இல்லாததும் மாலையில் திணறுவதும் உங்கள் குணத்தில் உள்ள குறை என்று நினைக்க வேண்டாம்.

தூக்கமும் அப்படித்தான். சிகாகோ பல்கலைக்கழகத்தில் நடந்து 2004இல் வெளியான ஆய்வில், இரண்டு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டும் தூங்கிய இளைஞர்களுக்குப் பசியைத் தூண்டும் கிரெலின் 28 சதவீதம் கூடியது, ‘போதும்’ என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் 18 சதவீதம் குறைந்தது. நீங்கள் ஐந்தரை மணி நேரம்தான் தூங்குகிறீர்கள். அதில் ஆறு மணிக்கு மேல் குடிக்கிற காபிக்கும் பங்கு இருக்கலாம். உடலில் சேர்ந்த காஃபினில் பாதி வெளியேறவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும்.

இப்போது கணக்கு. நூறு கிராம் முறுக்கு வகைப் பண்டத்தில் சுமார் 500 கலோரி இருக்கும். நடுத்தர அளவுத் தேன்குழல் இரண்டு, ஒரு பிடி மணகோலம், நாலைந்து சீப்புச்சீடை, சர்க்கரை போட்ட இரண்டு காபி எல்லாம் சேர்ந்தால் 600 கலோரியைத் தாண்டிவிடும். ஒரு வேளைச் சாப்பாட்டின் அளவு அது. அரை மணி நேரம் விறுவிறுப்பாக நடந்தால் உங்கள் எடைக்கு ஏறத்தாழ 130 கலோரிதான் செலவாகும். நடந்து கழித்துவிடலாம் என்ற நம்பிக்கை இங்கே பலிக்காது. நடை வேறு பல நன்மைகளுக்காகக் கட்டாயம் வேண்டும், அது வேறு விஷயம்.

நான் சொல்வது இதுதான். மதிய டப்பாவில் சாதத்தைக் குறைத்து, அவித்த முட்டை இரண்டோ ஒரு கிண்ணம் பயறோ சேருங்கள். ஒரு முட்டையில் 75 கலோரிக்குள் 6 கிராம் புரதம் இருக்கிறது. முட்டை கூடாத வீடென்றால் தட்டைப்பயறு, மொச்சை, கெட்டியான பருப்பு மசியல். நாலரை மணிக்கு உட்கார்ந்து சாப்பிட ஒரு தட்டு: கொண்டைக்கடலைச் சுண்டலோ பாசிப்பயறுச் சுண்டலோ ஒரு கிண்ணம், ஒரு கொய்யா அல்லது வெள்ளரிப் பிஞ்சு. அவித்த கொண்டைக்கடலை நூறு கிராமில் 164 கலோரிதான், புரதம் ஏறத்தாழ 9 கிராம். நார்ச்சத்தும் நிறைய. அதே தட்டில் அத்தை சுட்ட தேன்குழல் ஒன்றையும் வையுங்கள். ஆம், வைக்கத்தான் சொல்கிறேன். சுண்டலுக்குப் பிறகு சாப்பிடுங்கள். வயிறு காலியாக இருக்கும்போது ஒரு தேன்குழலோடு நிற்பது கடினம், நிறைந்த பிறகு முடியும்.

இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்குள் கொண்டுவர முடியுமா என்று பாருங்கள். கணவரோடு சாப்பிடுவது முக்கியம் என்றால், அவர் சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார்ந்து மோர் குடியுங்கள்.

உங்கள் உடல் எடைக் குறியீடு 28.4 வருகிறது. இந்தியர்களுக்கு 23க்கு மேல் அதிக எடை, 25க்கு மேல் உடற்பருமன். பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 செ.மீ.க்குள் இருப்பது நல்லது. தராசோடு தையல் நாடாவையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு அரைக் கிலோ இறங்கினாலே போதுமான வேகம்.


தேவகோட்டை ரஸ்தா
செவ்வாய், மாலை 5.30

அம்மா, தட்டில் தேன்குழல் வைக்கச் சொல்கிறீர்களே, அது வாசலைத் திறந்துவிடுவது ஆகாதா? என்னைப் போன்றவர்களுக்கு ஒன்றும் பத்தும் ஒன்றுதான்.


சம்பை ஊற்று
செவ்வாய், இரவு 7.00

அண்ணே, உங்களுக்கு முழுதாக விடுவது வாய்த்திருக்கிறது என்றால் மாற்ற வேண்டாம். வீட்டில் யாரும் சுடுவதில்லை, ஆறு மணிக்கே சாப்பாடு முடிந்துவிடுகிறது. எல்லாம் ஒன்றுக்கொன்று துணையாக நிற்கின்றன. அக்காவின் வீட்டில் அலமாரியில் டின் இருக்கத்தான் போகிறது. அங்கே ‘ஒருபோதும் இல்லை’ என்ற விதி கல்யாண வீடு வரும் நாளில் உடையும். உடைந்த அன்று டின்னே காலியாகும். என்னிடம் வருகிறவர்களில் அதிகம் பேரை நான் பார்ப்பது அந்த நிலையில்தான். எண்ணி வைத்த ஒன்று அவர்களைக் காப்பாற்றுகிறது.


புதுவயல் ஆலைக்காரன்
புதன், காலை 10.40

அரிசி ஆலையில் வேலை. பத்து வருடமாகச் சர்க்கரை நோய். இந்த இழையைப் படித்துவிட்டு நானும் மாலைப் பலகாரத்தை நிறுத்தினேன். ஐந்து மணி வாக்கில் கை நடுங்குகிறது, வேர்த்துக் கொட்டுகிறது, கண் இருட்டுகிறது. இரண்டு அதிரசம் சாப்பிட்டால் கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிடுகிறது. எடை குறையும்போது இப்படித்தான் இருக்குமா?


சம்பை ஊற்று
புதன், காலை 11.05

அண்ணே, இது எடை குறைவதன் அறிகுறி அல்ல. ரத்தத்தில் சர்க்கரை தாழ்ந்துபோவதற்கான அடையாளங்கள் இவை. தயவுசெய்து இன்றே உங்கள் மருத்துவரைப் பாருங்கள். என்ன மாத்திரை எடுக்கிறீர்கள்? கிளிமிபிரைடு, கிளிக்கிளசைடு போன்றவற்றையோ இன்சுலினையோ எடுப்பவர்கள் ஒரு வேளையைத் தானாக நிறுத்தக் கூடாது. மருந்து தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும், வயிற்றில் சாப்பாடு இருக்காது. மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு இந்த ஆபத்து அரிது.

நடுக்கம் வந்தால் உடனே ரத்தச் சர்க்கரை மானியில் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையோ குளுக்கோஸோ தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, பதினைந்து நிமிடத்தில் மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் மீண்டும் அதே அளவு. மானி கையில் இல்லை என்றால் சோதனைக்காகக் காத்திருக்க வேண்டாம், சர்க்கரைத் தண்ணீரைக் குடித்துவிடுங்கள். அந்த நேரத்தில் அதிரசம் உதவாது. அதில் உள்ள எண்ணெய் சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். தெளிந்த பிறகு சுண்டலோ ஒரு இட்லியோ சாப்பிடுங்கள். மாலைச் சிற்றுணவை நிறுத்துவதா, மாத்திரை அளவைக் குறைப்பதா என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.


புதுவயல் ஆலைக்காரன்
வியாழன், இரவு 8.30

நேற்று மாலையே போய்ப் பார்த்துவிட்டேன் தங்கச்சி. கிளிமிபிரைடுதான் எடுத்துக்கொண்டிருந்தேன். அளவைக் குறைத்து எழுதியிருக்கிறார், மாலையில் பயறு சாப்பிடச் சொல்லியிருக்கிறார். சட்டைப் பையில் குளுக்கோஸ் பொட்டலம் வைத்திருக்கிறேன். இதைப் படிக்கிற மற்ற சர்க்கரைக்காரர்கள் என் பதிவைக் கவனித்தால் நல்லது.


கொட்டையூர் அடுப்பு
வியாழன், இரவு 9.15

கல்யாணங்களுக்குப் பலகாரம் சுட்டுக் கொடுப்பது எங்கள் தொழில். எந்தப் பலகாரம் எவ்வளவு எண்ணெய் குடிக்கும் என்பது எங்களுக்குக் கைக்கணக்கு. அதை இங்கே சொல்லலாம் என்று தோன்றியது.

மாவில் வெண்ணெய் கூடினால் பலகாரம் கரகரப்பாக வரும், எண்ணெயும் கூடக் குடிக்கும். சோடா உப்பு சேர்த்தால் இன்னும் மோசம். எண்ணெய் காயாமல் பிழிந்தால் வெந்து எடுக்கும்போதே சொட்டும். மெல்லிய இழையாகப் பிழிகிற பண்டம் கனமான பண்டத்தைவிட அதிகம் இழுக்கும். மணகோலத்தில் எண்ணெயோடு வெல்லப்பாகும் தேங்காய்ச் சில்லும் சேர்கின்றன. கையால் அள்ளிச் சாப்பிட ஏதுவாக உதிரியாக வேறு இருக்கிறது. எண்ண முடியாத பண்டம் அதுதான். எடை குறைக்கிறவர்கள் முதலில் மணகோலத்தைக் கிண்ணத்தில் அளந்து எடுக்கப் பழக வேண்டும்.

பொருவிளங்காய் உருண்டையை எண்ணெயில் போடுவதில்லை. வறுத்த அரிசி, பாசிப்பருப்பு, வெல்லப்பாகு, சுக்கு. கல்லைப் போல இருக்கும், கடிப்பதற்கே நேரம் பிடிக்கும். ஒன்றைச் சாப்பிட்டு முடிப்பதற்குள் ஆசை அடங்கிவிடும். ஆனால் வெல்லம் வெல்லம்தான், இரண்டாவது வேண்டாம். கவுனி அரிசியைப் பற்றியும் ஒரு வார்த்தை. கறுப்பு அரிசி உடம்புக்கு நல்லது என்று கேள்விப்பட்டுப் பலர் கவுனி இனிப்பைத் தினமும் கேட்கிறார்கள். அரிசி நல்லதுதான். அதில் நாங்கள் போடுகிற சர்க்கரையும் நெய்யும் தேங்காய்த் துருவலும் எங்கே போகும்? விசேஷத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைப் பணியாரத்துக்கு ஆழாக்குப் பச்சரிசியின் மேல் கோபுரமாக உளுந்து வைத்து ஊறப்போட்டு, ஒவ்வொன்றாக எண்ணெயில் ஊற்றி எடுக்க வேண்டும். அதில் எண்ணெயைக் குறைக்க வழியே இல்லை, குறைத்தால் அது வெள்ளைப் பணியாரமும் இல்லை. அது சுடுகிற அன்று அதையே இரவுச் சாப்பாட்டுக்குக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். குழிப்பணியாரம் என்றால் குழிக்குச் சில சொட்டு எண்ணெய் போதும். மாலைத் தட்டுக்கு அதுதான் தோது.


பள்ளத்தூர் இரவுப்பணி
வெள்ளி, அதிகாலை 2.30

வீட்டிலிருந்தே அமெரிக்க நேரத்துக்குக் கணினி வேலை. மாலை ஆறரைக்குத் தொடங்கி அதிகாலை மூன்று வரை. எனக்குச் ‘சாயங்காலம்’ என்பதே நள்ளிரவு. ஒரு மணிக்கு மேல் மிக்சர் பொட்டலம் இல்லாமல் கண் திறந்திருக்க முடியவில்லை. என் போன்றவர்களுக்கு வழி உண்டா?


வளவு வாசல்
வெள்ளி, காலை 6.20

தம்பி, முதலில் பொட்டலத்தோடு கணினி முன்னால் உட்காராதீர்கள். எழுந்து அடுப்படிக்குப் போங்கள், தட்டில் எடுத்துச் சாப்பிடுங்கள், பிறகு வேலைக்குத் திரும்புங்கள். கண் திரையிலும் கை பொட்டலத்திலும் இருந்தால் அளவு தெரியாது. இராத்திரி வெறும் மிக்சரில் உயிரை ஓட்டுகிற பிள்ளைகளைப் பார்க்க எனக்கு வேதனையாக இருக்கிறது. அம்மாவிடம் சொல்லி ஒரு கிண்ணம் சுண்டல் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.


சம்பை ஊற்று
வெள்ளி, பகல் 1.45

ஆச்சி சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் தம்பி. வேலை தொடங்கும் முன் முழுச் சாப்பாட்டை முடித்துவிடுங்கள். பத்து மணிக்குச் சின்னதாக ஒரு வேளை, புரதத்தோடு. நள்ளிரவுக்குப் பிறகு உடல் சர்க்கரையைக் கையாளும் திறன் குறைந்திருக்கும், அதனால் அந்த நேரத்தில் மோர், வெள்ளரி, வேண்டுமானால் ஒரு முட்டை. தேநீர் பன்னிரண்டு மணியோடு நிற்கட்டும். பகல் தூக்கத்துக்கு அறையை நன்றாக இருட்டாக்குங்கள். தூக்கம் சரியானால் மிக்சர் தேடும் வேகமும் குறையலாம்.


நெற்குப்பை மருமகள்
சனி, இரவு 11.50

பெயர் தெரியாத இடம் என்பதால் எழுதுகிறேன். பகலில் நான் அதிகம் சாப்பிடுவதில்லை. எல்லோரும் தூங்கிய பிறகு எழுந்துபோய்ச் சாப்பிடுகிறேன். பசி என்று சொல்ல முடியாது. சாப்பிடாமல் திரும்பப் படுத்தால் தூக்கம் வருவதில்லை. சாப்பிட்ட தடம் தெரியாதபடி டின்னை அடுக்கிவிட்டு வருகிறேன். காலையில் எதையும் தொடப் பிடிப்பதில்லை. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்ததிலிருந்து இப்படி இருக்கிறது. வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை.


சம்பை ஊற்று
ஞாயிறு, காலை 7.15

எழுதியது மிக நல்ல காரியம் தங்கச்சி. தனியாக இதைச் சுமந்துகொண்டிருக்கிறீர்கள். காலையில் பசியின்மை, இரவில் எழுந்து சாப்பிடுதல், சாப்பிடாமல் தூங்க முடியாமை ஆகியவை சேர்ந்து வருவதை மருத்துவம் வெகுநாளாக அறிந்திருக்கிறது. ஆல்பர்ட் ஸ்டங்கார்டு என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1955இலேயே இதை விவரித்து எழுதினார். மனச்சோர்வும் தூக்கச் சிக்கலும் இதோடு அடிக்கடி சேர்ந்திருக்கும். சிகிச்சை இருக்கிறது, பலனும் கிடைக்கிறது.

உங்களுக்கு நான் உணவுப் பட்டியல் தரப்போவதில்லை. இன்னும் குறைவாகச் சாப்பிட முயன்றால் இரவு இன்னும் கடினமாகும். காலையில் பிடிக்காவிட்டாலும் ஏதாவது கொஞ்சம் சாப்பிடத் தொடங்குங்கள். ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசு மருத்துவமனையில் கேட்டாலே வழிகாட்டுவார்கள். டெலி மானஸ் என்ற அரசின் இலவச மனநல உதவி எண் 14416, தமிழிலும் பேசலாம், எந்த நேரமும் அழைக்கலாம். எனக்குத் தனிச்செய்தியும் அனுப்பலாம்.


வளவு வாசல்
ஞாயிறு, காலை 7.40

மகளே, புது ஊரில், புது வீட்டில், வயிறாரச் சாப்பிடக்கூட ஒரு பெண் கூச்சப்படுகிற நிலை இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது. மாற வேண்டியது அந்த வீடு. பிறந்த வீட்டில் ஆத்தாவிடமோ, கூடப் பிறந்த ஆச்சியிடமோ இன்றைக்கே பேசுங்கள். இங்கேயும் நாங்கள் இருக்கிறோம்.


கண்டனூர்க்காரி
ஞாயிறு, பகல் 12.30

நெற்குப்பைத் தங்கை, இங்கே யாரும் உங்களைத் தவறாக நினைக்கவில்லை. பேசத் தோன்றும்போதெல்லாம் எழுதுங்கள்.

என் பக்கத்திலிருந்து இன்னொரு கேள்வி. கல்யாண வீடு, புதுமனை, காது குத்து என்று போகிற இடமெல்லாம் பலகாரத் தட்டு வருகிறது. ‘ஒன்றே ஒன்று’ என்று கையில் திணிக்கிறார்கள். வேண்டாம் என்றால் மனம் கோணுகிறார்கள். என்ன செய்வது?


கொட்டையூர் அடுப்பு
ஞாயிறு, மாலை 4.10

சுட்டவள் என்ற முறையில் சொல்கிறேன் ஆச்சி. தட்டிலிருந்து ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டு, ‘பக்குவம் நன்றாக இருக்கிறது’ என்று சொன்னால் சுட்டவர்களுக்கும் வீட்டுக்காரர்களுக்கும் அது போதும். தட்டு காலியாக வேண்டும் என்று ஒருவரும் எதிர்பார்ப்பதில்லை. மீதியை வீட்டுக்குக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பழைய நாளில் கொட்டானில் (ஓலைக் கூடையில்) வைத்துக் கொடுத்து அனுப்பியதும் அப்படித்தான். வீட்டுக்கு வந்ததும் பிள்ளைகளுக்கும் வேலைக்கு உதவியாக வருகிறவர்களுக்கும் பகிர்ந்துவிடுங்கள். பிள்ளையார் நோன்பு அன்று மட்டும் கணக்குப் பார்க்காதீர்கள். இழை (நோன்புக்குத் திரி ஏற்றிய மாவு உருண்டை) எடுத்துக்கொண்டு, கருப்பட்டிப் பணியாரத்தை வீட்டாரோடு உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிடுங்கள்.


தேவகோட்டை ரஸ்தா
ஞாயிறு, இரவு 9.00

நோன்புக்கு எங்கள் வீட்டிலும் பணியாரம் உண்டு. அன்று எனக்கும் விதி இல்லை. பழனிக்குப் பாதயாத்திரை போகும்போதும் வழியில் கொடுக்கிற எதையும் மறுப்பதில்லை. இதையும் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.


கண்டனூர்க்காரி
அடுத்த மாதம், சனி, மாலை 5.45

பலரும் தனிச்செய்தியில் கேட்டதால் எழுதுகிறேன். முதலில் அத்தையிடம் பேசினேன். ‘உங்கள் பலகாரத்தை விடப்போவதில்லை, நாலரை மணிக்கு நீங்களே என் தட்டில் எடுத்து வையுங்கள்’ என்றேன். அத்தைக்கு அது பிடித்துவிட்டது. டின்கள் மூன்றும் இரண்டாம் கட்டுக்குப் போய்விட்டன. இப்போது நாலரை மணிக்கு எல்லோருமே பட்டாலையில் உட்காருகிறோம், பிள்ளைகள் உட்பட. பள்ளி டப்பாவில் பயறோ முட்டையோ இருக்கிறது. அந்த நாட்களில் வீட்டுக்கு வரும்போது முன்பிருந்த வெறிப்பசி இல்லை. ஆறு மணிக் காபியை விட்டது எல்லாவற்றையும்விடக் கடினம், முதல் வாரம் தலைவலியே வந்தது. இரவுச் சாப்பாடு எட்டு மணிக்கு. அவர் வந்ததும் பக்கத்தில் மோரோடு உட்காருகிறேன். எடை மெதுவாக இறங்குகிறது. பழைய ரவிக்கைகளில் இரண்டு மறுபடி உடம்புக்குச் சேர்கின்றன.

தினமும் சுண்டல் என்றால் பிள்ளைகள் முகம் சுளிக்கிறார்கள். கொட்டையூர் ஆச்சி, எண்ணெய் குறைவான குழிப்பணியாரத்துக்கு அளவு சொல்ல முடியுமா? சிறுதானியம் சேர்க்கலாமா?


கொட்டையூர் அடுப்பு
சனி, இரவு 8.20

தாராளமாகச் சேர்க்கலாம். வரகு இரண்டு பங்கு, புழுங்கல் அரிசி ஒரு பங்கு, முழு உளுந்து ஒரு பங்கு, வெந்தயம் ஒரு தேக்கரண்டி. வரகைத் தனியாகக் களைந்து நான்கு மணி நேரம் ஊறவையுங்கள். உளுந்தைப் பொங்க ஆட்டி, மற்றதைச் சற்றுக் கொரகொரப்பாக ஆட்டிக் கலந்து, உப்புப் போட்டு இரவு முழுக்கப் புளிக்க விடுங்கள். பிள்ளைகளுக்கு என்பதால் ஒரு கைப்பிடி பாசிப்பயறையும் ஊறவைத்து அரைத்துச் சேர்த்தால் புரதம் கூடும், நிறம் மட்டும் கொஞ்சம் பச்சையாக இருக்கும்.

கடுகு, உளுத்தம்பருப்பு, கடலைப்பருப்பு தாளித்து, சின்ன வெங்காயம் நிறைய, பச்சை மிளகாய், கறிவேப்பிலை போட்டு வதக்கி மாவில் கொட்டுங்கள். வெங்காயம் கூடக்கூட மாவு குறையும், ருசியும் ஏறும். இரும்புக் குழிக்கல்லாக இருந்தால் நன்றாகக் காய்ந்த பிறகு துணி முடிச்சை நல்லெண்ணெயில் தொட்டுக் குழிகளில் தடவினால் போதும். முக்கால் குழி மாவு ஊற்றி மூடி போட்டு, ஓரம் சிவந்ததும் கம்பியால் திருப்புங்கள். தீயைக் கூட்டினால் வெளியே கருகி உள்ளே மாவாக நிற்கும்.

வரமிளகாய்த் துவையலில் உப்பும் எண்ணெயும் தூக்கலாக இருக்கும், அதனால் தொட்டுக்கொள்ள மட்டும் வையுங்கள். கொத்தமல்லித் துவையல் என்றால் கூட வைக்கலாம். ஆளுக்கு ஐந்து கணக்கு. இரண்டாவது ஈடு ஊற்றும் முன் எல்லோரும் உட்கார்ந்தாகிவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், ஆறினால் வரகு இறுகிவிடும்.